மாட்டுக்கு என்ன கலக்கலாம்? பால் சொசைட்டி வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையும் மாலையும் எங்கள் ஊர் சொசைட்டியில் பால் அளப்பது என் வேலை. ஈரோட்டுக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். கேனை வைத்துவிட்டு ரசீதுக்கு நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஊர்ச் சந்தேகமெல்லாம் வெளியே வரும். யூடியூப்பில் ஒருவர் சொன்னாராம், சந்தையில் ஒருவர் பாட்டில் விற்றாராம், மாமியார் காலத்தில் இதைத்தான் கொடுத்தார்களாம். பதினான்கு வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள். எழுதி ஒட்டிவிட்டால் என் தொண்டை மிச்சமாகும் என்றுதான் இதைத் தொகுத்தேன்.

நான் மருத்துவர் இல்லை. மூன்று கறவையும் பதினோரு ஆடும் வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவரிடமும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பயிற்சியிலும் கேட்டதைத் தொட்டியில் போட்டுப் பார்த்தவன், அவ்வளவுதான். மாடு தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, எழவில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

சேர்க்கை, சேர்க்கைன்னு சொல்றீங்களே, அது என்னங்க? தீவனத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வயிற்றை நிரப்புவது தீவனம்: சோளத்தட்டு, கோ-4 புல், வைக்கோல், புண்ணாக்கு, தவிடு. அதோடு கொஞ்சமாகக் கலந்து கொடுப்பது சேர்க்கை. தாது உப்பு, சோடா உப்பு, ஈஸ்ட், மூலிகைப் பொடி எல்லாம் இந்த வகை. கிலோவில் நிறுப்பது தீவனம், கிராமில் நிறுப்பது சேர்க்கை என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி, முருங்கைக்கீரை மாதிரி சிலது இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

கிராமில் கொடுப்பது கிலோவில் விட்ட குறையை அடைக்காது. பசும்புல்லே கண்ணில் காட்டாமல் மூலிகைப் பொடி வாங்குகிறவர்கள் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியும்.

தவிடு, வைக்கோல் எல்லாந்தான் திங்குது. அப்புறம் எதுக்குத் தாது உப்பு?

வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்குதான். அதிலிருக்கிற கால்சியத்தையும் ஆக்சலேட் என்கிற பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும், மாட்டுக்கு முழுசாகக் கிடைக்காது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். இரண்டையும் சேர்த்துத் தின்றாலும் கணக்கு ஒருபக்கமாகச் சாயும். ஒரு லிட்டர் பாலில் 1.2 கிராம் கால்சியம் போகிறது. பத்து லிட்டர் கறக்கிற மாடு தினமும் 12 கிராமை மடி வழியாக வெளியே தருகிறது. தீனியில் கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துத் தரும்.

கறவைக்கு நாளைக்கு 50 கிராம், ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தாது உப்புக் கலவை, நம் ஆவின் சங்கங்களில் வருவது, எதுவானாலும் சரி. அதோடு சாப்பாட்டு உப்பு 30 கிராம். மண்ணை நக்குவது, செருப்பைக் கடிப்பது, அடுத்த மாட்டின் மூத்திரத்தைக் குடிப்பது எல்லாம் இந்தக் குறையின் கூப்பாடுதான்.

சுண்ணாம்புத் தெளிவு ஊத்தறோமே, கால்சியம் அதுலயே வந்துடாதா?

இந்தக் கேள்விக்கு ஒருநாள் உட்கார்ந்து கணக்கே போட்டேன். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். ஒரு லிட்டர் தெளிந்த நீரில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்பு, அதில் கால்சியம் ஒரு கிராமுக்கும் குறைவு. நீங்கள் ஊற்றுவது ஒரு டம்ளர், அதாவது 150 மில்லி. கிடைப்பது கால்சியம் 0.15 கிராம்கூட இல்லை. போன பதிலில் சொன்ன 12 கிராமுக்கு இது எந்த மூலைக்கு? மீதிச் சுண்ணாம்பு பானை அடியிலேயே கிடக்கும்.

அடியில் கிடப்பதைக் கலக்கி ஊற்றிவிடலாமே என்று உடனே கேட்பார்கள். வேண்டாம், வாயும் தொண்டையும் வெந்துபோகும்.

அசோலா போட்டா புண்ணாக்கே வேண்டாம்னு வீடியோவுல சொல்றாங்களே?

நானும் நம்பினேன். வீட்டுக்குப் பின்னால் ஆறடிக்கு நாலடி குழி, சில்பாலின் விரிப்பு, சலித்த மண், சாணிக் கரைசல், ஒரு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட். பதினைந்தாம் நாள் பச்சைக் கம்பளம் விரித்தமாதிரி நிறைந்தது. மனசுக்குக் குளிர்ச்சிதான். ஒரு கிலோ அள்ளி, கழுவி, தண்ணீர் வடித்து, மாடியில் வெள்ளைத் துணியில் இரண்டு நாள் காயவைத்தேன். எடை போட்டால் தராசு முள் நகரவே யோசித்தது. 65 கிராம். மீதியெல்லாம் தண்ணீர்.

அசோலாவில் புரதம் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்பது பொய்யில்லை. ஆனால் அது காய்ந்த எடைக்கு. ஈரமான ஒரு கிலோவில் புரதம் 15 கிராம் சுமார். கடலைப்புண்ணாக்கு ஒரு கிலோவில் 400 கிராமுக்கு மேல். ஒரு கிலோ புண்ணாக்கை நிறுத்த வேண்டுமானால் 27 கிலோ அசோலா அள்ள வேண்டும். என் குழி கொடுத்தது நாளைக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ.

அதற்காகக் குழியை மூடவும் இல்லை. வைக்கோலை மட்டும் நம்பியிருக்கிற மாட்டுக்கு நாளைக்கு ஒன்றரை இரண்டு கிலோ அசோலா கொடுத்தால் வைட்டமினும் தாதுவும் கொஞ்சம் புரதமும் கிடைக்கும், வித்தியாசம் தெரியும். கோழிக்கு அருமை. அதன் இலைக்குள் குடியிருக்கும் ஒரு நீலப்பச்சைப் பாசி காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, அதனால்தான் இத்தனை வேகமாக வளர்கிறது. புண்ணாக்குக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாக அல்ல. சித்திரை வெயிலில் பழுப்பேறிச் செத்துவிடும், நிழல் வலை கட்டுங்கள்.

எங்க மாடு அசோலாவை மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது.

சாணி வாடைதான் காரணம். மூன்று தண்ணீரில் அலசுங்கள். முதல் வாரம் ஒரு கைப்பிடி தவிட்டில் பிசைந்து வையுங்கள், பழகிவிடும். என் மயிலை நிறக் கிடாரி மட்டும் இன்றுவரை தொடவில்லை. அதுக்கு விருப்பமில்லை, விட்டுவிட்டேன்.

முருங்கை, அகத்தி, சவுண்டல், இதுல எது உசத்தி?

மூன்றும் காய்ந்த எடையில் நூற்றுக்கு இருபது இருபத்தைந்து புரதம் தரும் மரங்கள். அசோலா கணக்கு இங்கேயும் பொருந்தும், ஆனால் இவற்றில் தண்ணீர் குறைவு, கிலோவுக்குக் கிடைப்பது மூன்று நான்கு மடங்கு. வேலியோரத்தில் இருபது மரம் நட்டால் தண்ணீர் விடவும் ஆள் வைக்கவும் தேவையில்லாத புண்ணாக்கு மில். முருங்கையில் எந்த வம்பும் இல்லை. அகத்தியும் நல்லது. அமாவாசை அன்று கோயில் மாட்டுக்குப் புண்ணியம் தேடி ஆளாளுக்கு ஒரு கட்டு நீட்டுகிறார்களே, அதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். பழக்கமில்லாத பச்சை ஒரே நாளில் பத்துக் கட்டு உள்ளே போனால் எந்த மாட்டுக்கும் வயிறு கலங்கும்.

சவுண்டல் என்கிற சூபாபுல்லுக்கு மட்டும் அளவு உண்டு. அடுத்த கேள்வி அதுதான்.

சவுண்டல் தின்ன ஆட்டுக்கு முடி கொட்டுது. விஷமா அது?

அதில் மைமோசின் என்றொரு பொருள் இருக்கிறது. அதிகமாகப் போனால் முடி உதிரும், எச்சில் வடியும், கழுத்தில் தைராய்டு வீங்கும், எடை இறங்கும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் மற்றப் புல்லோடு கலந்து கொடுத்தால் ஆடு மாடு தாங்கும். நிறுத்திய சில வாரத்தில் முடி திரும்ப வந்துவிடும். கோழி, முயலுக்கு இந்தத் தாங்கும் சக்தி இல்லை.

இதில் ஒரு ரசமான கதை உண்டு. ஆஸ்திரேலியாவில் சூபாபுல் தின்ற மாடுகள் நோஞ்சானாகும்போது ஹவாய்த் தீவில் அதையே வயிறு முட்டத் தின்ற ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்கிற ஆய்வாளர் அதன் காரணத்தைத் தேடி, ஹவாய் ஆட்டின் இரைப்பையில் அந்த நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், வேலை செய்தது. பின்னாளில் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி. ஒரே இலை ஓர் ஊரில் தீவனம், இன்னோர் ஊரில் நஞ்சு. பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்கு ஒத்துக்கொண்டது என்பதை நான் அதனால்தான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

சீமைக் கருவேலங்காய் சும்மா கொட்டிக் கிடக்குது. பொறுக்கிப் போடலாமா?

போடலாம். நெற்று இனிப்பு, ஆடு விரும்பித் தின்னும், புரதமும் நூற்றுக்குப் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கோடையில் ஆடு பிழைப்பதே இதில்தான். ஆனால் முழுதாகப் போட்டால் கொட்டை அப்படியே புழுக்கையோடு வெளியே வந்து, அடுத்த மழைக்கு உங்கள் காடெல்லாம் முளைக்கும். நன்றாகக் காயவைத்து, உரலிலோ மில்லிலோ உடைத்துப் போடுங்கள்.

புண்ணாக்கு, தவிடு, தானியம் சேர்ந்த அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவோடு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் இதையே தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை தளர்ந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்ல முடியாமல் போகும். பிரேசிலில் இதற்குக் கோணல் முகம் என்றே பெயர்.

பருத்திக்கொட்டை அரைச்சு ஊத்தறது நல்லதா கெட்டதா?

வளர்ந்த கறவைக்கு நல்லது. கொழுப்பும் புரதமும் உள்ள நல்ல சரக்கு. அதிலுள்ள காசிபால் என்கிற நஞ்சை அசை போடும் வயிறு அடக்கிவிடும். கன்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகவில்லை, அதற்குக் கொடுக்காதீர்கள். கோழிக்கும் கூடாது.

தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம் கொடுத்தா பால் கூடுமா? சந்தையில ஒரு பாட்டில் டானிக்கும் விக்கறாங்க.

தண்ணீர்விட்டான் கிழங்கும் வெந்தயமும் பால் சுரப்புக்கென்று நம் வீடுகளில் பெற்றவளுக்கே கொடுப்பவைதான். மாட்டில் செய்த சோதனைகளிலும் சிலவற்றில் பால் கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. கன்று போட்ட முதல் இரண்டு மாதத்தில், தீனி சரியாக இருக்கிற மாட்டுக்கு, காய்ந்த கிழங்குப் பொடி 50 கிராம் கொடுத்தால் அரை லிட்டர் ஏறலாம். எட்டு மாதம் கறந்து ஓய்ந்த மாட்டுக்கு எந்தக் கிழங்கும் மடியில் பால் வைக்காது.

பாட்டிலைப் பற்றி என் அனுபவம் மட்டும் சொல்கிறேன். ஒரு ஆடிமாதச் சந்தையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினேன். லேபிளில் மாட்டுப் படமும் முப்பத்திரண்டு மூலிகை என்ற வாக்கும் இருந்தன. எது எத்தனை கிராம், எப்போது தயாரித்தது, ஒன்றுமில்லை. வெல்லப்பாகு வாசம் அடித்தது. மாடு ஆசையாகக் குடித்தது, பால் அரைக்கால் லிட்டர்கூட ஏறவில்லை. அளவு போடாத சரக்கை வாங்காதீர்கள்.

எனக்கு எஸ்.என்.எஃப். எப்பவும் அடிவாங்குது. எந்த மூலிகை போடோணும்?

எஸ்.என்.எஃப். என்பது பாலில் கொழுப்பு போக மீதியிருக்கும் திடச்சத்து. பசும்பாலுக்கு இப்போதைய உணவுப் பாதுகாப்பு விதிப்படி நூற்றுக்குக் கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3 குறைந்தபட்சம் இருக்க வேண்டும். வாசலில் நடக்கிற சண்டையில் பாதி இந்த எண்ணுக்காகத்தான். கொழுப்பு ஏறுவது நார்த்தீவனத்தால்: தட்டு, வைக்கோல், முற்றிய புல். எஸ்.என்.எஃப். ஏறுவது தீனியின் மாவுச்சத்தாலும் புரதத்தாலும். பசும்புல்லை மட்டும் தின்று பதினைந்து லிட்டர் கறக்கிற மாட்டுக்குச் சக்தி போதாது, முதலில் விழுவது இந்த எண்தான். உடைத்த மக்காச்சோளம் ஒரு கிலோ கூட்டிப் பாருங்கள், இரண்டு வாரத்தில் தெரியும்.

ஒரே மாட்டில் திடீரென்று விழுந்தால் மடியைப் பாருங்கள். வெளியே தெரியாத மடிநோயிலும் எஸ்.என்.எஃப். இறங்கும். தண்ணீர் ஊற்றினாலும் இறங்கும், அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

பொங்கலன்னிக்கு மாடு நெறையாப் பொங்கல் தின்னுடுச்சு. சோடா உப்பு கொடுத்தா சரியாயிடுமா?

வருடா வருடம் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தெருவில் ஏதோ ஒரு கட்டுத்தறியில் மருத்துவர் வண்டி நிற்கும். ஐந்து வருடம் முன்பு என் பக்கத்து வீட்டு அக்கா பாசத்தில் ஒரு பெரிய அண்டாப் பொங்கலையும் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போய்விட்டார். ராத்திரி மாடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, காலையில் படுத்துவிட்டது, சாணி சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் புளித்த வாடையோடு போனது. மூன்றாம் நாள் செத்தது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றிலும் இதே கதைதான்.

மாட்டு வயிற்றின் நுண்ணுயிர்கள் புல்லைப் பதமாகச் செரிக்கப் பழகியவை. மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்துப்போகும். நாள் ஒன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் சுரக்கும் எச்சிலில் மாடு தானே சோடா உப்பு வைத்திருக்கிறது, ஆனால் அசை போட்டால்தான் அது இறங்கும். அசை நின்றால் உள்ளே தடுப்பு இல்லை. தின்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், மாடு நின்றுகொண்டு இருக்கும்போது, 100 முதல் 150 கிராம் சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடலாம். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

தினமும் அடர்தீவனம் அதிகம் தின்னும் கறவைக்கு 100 கிராம் சோடா உப்பைத் தீவனத்தில் கலப்பதும் உண்டு. அது இதே அமிலத்தை முன்கூட்டித் தடுக்க. உயிருள்ள ஈஸ்ட் 5 முதல் 10 கிராம் கலப்பதும் இதே நோக்கம்தான்.

புண்ணாக்குல லேசாப் பூஞ்சணம். வெயில்ல காயவெச்சு மஞ்சள் கலந்து போட்டா?

போடாதீர்கள். இதில் மட்டும் நான் கறாராகவே சொல்வேன். காயவைத்தால் பூஞ்சணம் சாகும், அது விட்டுச்சென்ற அஃப்ளடாக்சின் நஞ்சு அங்கேயே இருக்கும். வேகவைத்தாலும் போகாது. மஞ்சளும் அதைத் துடைத்துப் போடாது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப்புண்ணாக்கு. இந்த நஞ்சையே உலகம் அப்போதுதான் கண்டுபிடித்தது.

மாடு தின்ற நஞ்சில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, அதிகம் கறக்கும் மாட்டில் இன்னும் கூடுதலாக, பாலில் வந்துசேரும். நம் நாட்டில் ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் வரம்பு. உங்கள் பேரப்பிள்ளைகள் குடிப்பதும் அந்தப் பால்தான். பென்டோனைட் களிமண் கலந்தால் நஞ்சைக் கொஞ்சம் பிடித்து வெளியே தள்ளும், பெரிய தீவன ஆலைகள் செய்கிறார்கள். நம் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது: மூட்டையைச் சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வையுங்கள், மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள். கட்டி கட்டியாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வேப்பிலை போட்டா குடற்புழு போயிடுமில்ல? எதுக்கு மாத்திரை?

வேப்பிலை, வேலங்காய் மாதிரி துவர்ப்பும் கசப்பும் உள்ள தழையை அடிக்கடி மேயும் ஆட்டில் புழு ஓரளவு குறைவாக இருப்பது உண்மை. டேனின் என்கிற துவர்ப்புப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் மழைக்குப்பின் புல் தரையில் மேய்ந்து ரத்தம் உறிஞ்சும் புழு நிறைந்துவிட்ட ஆட்டுக்கு வேப்பிலை போதாது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி. காகிதம் மாதிரி வெளுத்திருந்தால் அன்றே மருந்து.

எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே மாத்திரையைப் போடுவதும் தப்பு, புழு பழகிவிடும். சாணியைப் பரிசோதித்துப் பார்த்து, வேண்டியதற்கு மட்டும் போடுங்கள். கால்நடை மருந்தகத்தில் சாணிப் பரிசோதனை செய்து தருவார்கள்.

மடிநோய்க்குக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு உள்ளுக்குத் தரலாமா?

உள்ளுக்கு இல்லை, வெளியே பூச. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, பாலைப் பீய்ச்சிக் கழித்துவிட்டு மடி முழுக்க நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். நம் கால்நடைப் பல்கலைக்கழகத்து மரபுமருத்துவ மையமும் குஜராத் ஆனந்தில் இருக்கும் தேசிய பால்வள வாரியமும் பரப்பிவரும் முறை இது. தொடக்கத்திலேயே பூசினால் நன்றாகக் கேட்கிறது. பத்துத் தடவை என்பதை எல்லோரும் இரண்டு தடவையாகச் சுருக்கிக்கொண்டு கேட்கவில்லை என்கிறார்கள். காய்ச்சல் வந்து, பாலில் ரத்தமோ சீழோ கண்டால் காத்திருக்க வேண்டாம்.

தோல் கழலை வந்தப்ப வெத்தலை மிளகுதான் கொடுத்தோம், சரியாச்சு. அப்ப ஊசி எதுக்கு?

வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம், வெல்லத்தோடு அரைத்து முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் நாளைக்கு மூன்று தடவை. இதுவும் மேலே சொன்ன இடங்களில் சொல்லித்தரும் முறைதான். தீனி எடுக்க வைக்கும், தெம்பு தரும், நானும் கொடுத்தேன். ஆனால் அது வைரஸ் நோய். வந்தபின் உடம்பைத் தாங்குவது ஒன்று, வராமல் தடுப்பது வேறொன்று. தடுப்பது தடுப்பூசிதான், அதற்கு மூலிகை மாற்றில்லை.

நாட்டுக்கோழிக்கு மஞ்சள் கொடுத்தா மஞ்சக்கரு நல்ல நிறமா வருமா?

வராது. கருவுக்கு நிறம் தருவது லூட்டீன் மாதிரியான நிறமிகள். அவை மஞ்சள் மக்காச்சோளத்திலும் கீரையிலும் முருங்கையிலும் செண்டுமல்லிப் பூவிலும் இருக்கின்றன. தோட்டத்தில் மேயும் கோழியின் முட்டைக்கரு அடர்நிறமாக இருப்பது கீரையால். முட்டைப் பண்ணைகளில் செண்டுமல்லிச் சாற்றைத் தீவனத்தில் கலப்பார்கள். நிறத்தைப் பார்த்து நாட்டு முட்டை என்று ஏமாறாதீர்கள், நிறத்தைத் தீவனத்திலேயே வாங்கலாம்.

மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு அரைத்து வாரம் ஒருமுறை கொடுப்பதில் தப்பில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் தோல் கழலைக்குச் சொன்னதேதான் பதில். ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா என்கிற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் தடுப்பூசி.

மூலிகை கொடுத்தா பால்ல வாடை வராதா?

பூண்டு, வெங்காயத்தில் வரும். கறந்து முடித்ததும் கொடுங்கள், அடுத்த கறவைக்குள் போய்விடும். கறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்துவிட்டு வந்தால் கேன் மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரியும்.

சினை நிக்காத மாட்டுக்கு முள்ளங்கி, கத்தாழை முறை சொல்றாங்களே, அது நெசமா?

பருவத்துக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் நாளில் தொடங்கி, முள்ளங்கி ஐந்து நாள், கற்றாழை நாலு நாள், முருங்கைக்கீரை நாலு நாள், பிரண்டை நாலு நாள், கறிவேப்பிலை நாலு நாள், வெல்லமும் உப்பும் தொட்டு. இதுவும் பல்கலைக்கழக வழியில் வந்த முறை. என் இரண்டாவது மாடு இதற்கு அப்புறம் சினை நின்றது. முருங்கையும் கறிவேப்பிலையும் தந்த தாதுவாலா, அதே மாதம் நான் தாது உப்பை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் சினை ஊசி போடும் நேரத்தைப் பாருங்கள். காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். வழும்பில் சீழ் கலந்திருந்தால் கருப்பையில் தொற்று, அதற்கு முள்ளங்கி மருந்தாகாது. சினை நின்றதா இல்லையா என்று தெரியாத மாட்டுக்கு இந்த முறையைத் தொடங்காதீர்கள்.

சினைமாட்டுக்குக் கடைசி மாசம் கால்சியம் நெறையாக் கொடுத்தா பால் காய்ச்சல் வராதுதானே?

வரும். கேட்டதும் எல்லோரும் முழிக்கிற பதில் இது. கன்று போட்ட சமயத்தில் ரத்தத்தில் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடுவதுதான் பால் காய்ச்சல். கன்று போட்ட அன்று மடிக்குத் திடீரென்று கால்சியம் வேண்டும், எலும்பிலிருந்து எடுத்துத் தரும் வேலையை உடம்பு அப்போது முடுக்கிவிட வேண்டும். கடைசி மூன்று வாரம் கால்சியத்தை அள்ளிக் கொட்டினால் அந்த வேலை தூங்கிப்போகும். அந்த நாட்களில் கால்சியம் டானிக்கை நிறுத்திவிட்டு, கன்று போட்ட அன்றிலிருந்து ஆரம்பியுங்கள். சினைமாட்டுக்கான தாது உப்பு அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கன்று போட்டதும் கழுத்தை மடித்துப் படுத்து, காது சில்லிட்டால் நரம்பில் கால்சியம் ஏற்ற ஆள் வேண்டும், சுண்ணாம்புத் தெளிவின் லட்சணம் மேலே பார்த்தோம்.

ஓமம், பூண்டுன்னு நாம கொடுக்கறதை வெளிநாட்டுலயும் கொடுக்கறாங்களாமே?

ஆமாம். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பதை ஸ்வீடன் 1986லேயே தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1ல் நின்றது. அந்த இடத்தை நிரப்பத்தான் மூலிகை எண்ணெய்கள் வந்தன. அங்கே பன்றிக்கும் கோழிக்கும் கலக்கும் தைமால் என்ற பொருள்தான் நம் ஓமத்துக்கு அந்த வாசத்தைத் தருகிறது. நம் நாட்டிலும் 2019ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்தார்கள். மனிதனுக்கு வேறெதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது.

மாடு ஏப்பம் விட்டா உலகம் சூடாகுதாம். அதுக்கும் சேர்க்கை இருக்காமே?

இருக்கிறது. ஏப்பத்தில் போகும் மீத்தேனோடு மாடு தின்ற சக்தியில் நூற்றுக்கு இரண்டிலிருந்து பன்னிரண்டு பங்குவரை வீணாகிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டேனின் நிறைந்த செடிப்பொருட்களால் ஹரித் தாரா என்ற கலவையை உண்டாக்கியிருக்கிறது. அஸ்பரகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி இன்னும் பலமாக மீத்தேனை அடக்கும். மூன்று மாடு வைத்திருக்கிற நமக்கு இப்போதைக்கு அது செலவுக் கணக்கு. முற்றிப்போன தட்டை விட்டுவிட்டு இளம் புல்லாக அறுத்துப் போட்டாலே ஒரு லிட்டர் பாலுக்கு ஏப்பம் குறையும்.

கடைசியா ஒண்ணு. நான் போட்டது வேலை செஞ்சுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பத்து நாள் ஒன்றும் மாற்றாமல் காலை மாலைப் பாலை எழுதி வையுங்கள். பதினோராம் நாள் ஒரே ஒரு பொருளை ஆரம்பியுங்கள். இருபது நாள் எழுதுங்கள். அப்புறம் நிறுத்திவிட்டு மறுபடியும் பத்து நாள். கூடிய பாலின் விலையையும் சேர்த்த பொருளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதே மாதம் புதுத் தட்டு அறுத்தீர்களா, மழை பெய்து குளிர்ந்ததா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பையனின் பழைய கணக்கு நோட்டு. அதில் வெந்தயத்துக்கு ஒரு பக்கம், தண்ணீர்விட்டானுக்கு ஒரு பக்கம், அந்தச் சந்தை பாட்டிலுக்கு ஒரு பக்கம். எல்லாவற்றையும்விட அதிகமாகப் பால் ஏறிய பக்கத்தில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. போன மாசிமாதம் கட்டுத்தறியில் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதிரி தொட்டி கட்டிய வாரம் அது. முக்கால் லிட்டர்.